வாய்க்கால் வரையச் சொல்லித் தரும் பக்கங்கள்

மொழிபெயர்க்க ஆள் கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும், 'நான் ரெடி', 'என்னையும் சேத்துக்குங்க அண்ணே' என்று வரிசையாக வந்து விழும். தமிழுக்கு ஒரு வேலை என்றால் நம் ஆட்கள் கை தூக்கத் தயங்கியதே இல்லை. கிடைக்காதவர் வேறொருவர். மொழிபெயர்த்து வைத்ததை உட்கார்ந்து படித்துப் பார்க்கிறவர், ஆறு மாதம் கழித்து அது இன்னும் சரியாக இருக்கிறதா என்று திரும்பி வந்து பார்க்கிறவர். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உதவிப் பக்கங்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையை டெல்டாப் பக்கத்து நண்பர்கள் சிலரோடு சேர்ந்து கொஞ்ச காலமாக ஒருங்கிணைத்து வருகிறேன். ஒருங்கிணைப்பு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான், பாதி நேரம் 'அந்தப் பக்கம் என்னாச்சு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம். கணக்குத் தொடங்கினால் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். தரவு முழுக்கத் திறந்த உரிமத்தில் இருப்பதால், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மேலே இன்னொன்றைக் கட்டலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஆட்கள் குறித்து வைத்த வரைபடம்கூட இதன்மேல் கட்டியதுதான்.

டெல்டாவுக்கு இது எதற்கு? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அதற்குக் கீழே அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு. இவையெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்கும். இவற்றிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள், அந்த வாய்க்கால்களிலிருந்து கிளம்பும் வாய்க்கால்கள், தினசரியில் 'சி, டி வாய்க்கால்களைத் தூர்வாரக் கோரி' என்று வருமே, அந்த ரகம், அதெல்லாம் பெரும்பாலும் வரைபடத்தில் கிடையாது. இருந்தாலும் பெயர் இருக்காது. பெயர் துறைப் பதிவேட்டில் இருக்கும், இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் வாயில் இருக்கும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வெளியூர்க்காரர் யாராவது வரைந்துவிடலாம் என்றால், பாதி வாய்க்காலை ஆகாயத்தாமரை மூடியிருக்கும், மேலிருந்து பார்த்தால் வயல் மாதிரியே பச்சையாகத் தெரியும். தெரிந்தவர்தான் வரைய வேண்டும். தெரிந்தவர் பெரும்பாலும் தமிழில் படிக்கிறவர். 'எப்படி வரைவது' என்று சொல்லும் பக்கங்களோ ஆங்கிலத்தில். அவ்வளவுதான் கதை, இதில் மொழிப்பற்றை எல்லாம் நான் கொண்டுவரவில்லை.

முதல் சிக்கல் எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது என்பது. தன்னார்வலரிடம் 'பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால் அத்தனை பேரும் போய் நிற்பது அறிமுகப் பக்கத்திலும் வரலாற்றுப் பக்கத்திலும்தான். படிக்கக் கட்டுரை மாதிரி இருக்கும், மொழிபெயர்க்கச் சுகமாக இருக்கும், முடித்ததும் நாலு பேருக்குக் காட்டலாம். ஆனால் கைப்பேசியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நிற்கிறவர் வரலாறு தேடி வர மாட்டார். 'நான் போட்டது ஏன் வரைபடத்தில் தெரியல?', 'கூகுள் மேப்பைப் பாத்துப் பேர் போடலாமா?', 'ஊர்ப் பேரைத் தமிழ்ல எந்தக் கட்டத்துல எழுதணும்?' இதுதான் அவர் கேட்பது. கல்லூரிப் பயிற்சிகளிலும் குழுவிலும் புதியவர்கள் கேட்ட கேள்விகளை எடுத்து வைத்து, அடிக்கடி வந்த கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் சொல்கிறதோ அதை மேலே போட்டோம். அதனால் அறிமுகப் பக்கம் வரிசையின் அடிக்குப் போய்விட்டது. சிலருக்கு வருத்தம். 'முகப்பே இல்லாம எப்படி அண்ணே?' என்றார்கள். வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொண்டவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை, வாசலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மேலே வந்தது எது தெரியுமா? மற்ற வரைபடங்களிலிருந்து நகலெடுக்கக் கூடாது என்று சொல்லும் பகுதி. யாரும் விரும்பி எடுக்காத பகுதி, சட்டம் பேசும், சலிப்பாக இருக்கும். ஆனால் புதியவர் ஒருவர் ஆர்வத்தில் கூகுள் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கடைகள் அத்தனையையும் பெயரோடு ஏற்றினால், பிறகு அவ்வளவையும் அழிக்க வேண்டியிருக்கும், அவர் அதோடு போய்விடுவார். 'வானத்துலேருந்து எடுத்த படம்தானே, எதுவா இருந்தா என்ன?' என்பது நியாயமான கேள்வி. அதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது: பிங் படத்தைப் பார்த்து வரைய மைக்ரோசாஃப்ட் 2010லேயே அனுமதி கொடுத்துவிட்டது, வரையும் மென்பொருளான திருத்தியைத் திறந்தால் பின்னணியாகப் பட்டியலில் வரும் படங்களெல்லாம் அனுமதி உள்ளவை, பட்டியலில் இல்லாததைத் தொட வேண்டாம். தமிழில் இது ஒரு பத்தி. இந்த ஒரு பத்தியை ஒழுங்காகக் கொண்டுவந்தது, மற்ற நீளப் பக்கங்கள் பலவற்றைவிட உபயோகம்.

அடுத்தது குறிச்சொற்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோடு வாய்க்காலா ரோடா என்பதை அதோடு ஒட்டியிருக்கும் ஆங்கிலச் சொற்கள்தான் சொல்கின்றன. 'வாட்டர்வே=கேனால்' என்று இருந்தால் வாய்க்கால். அது ஆங்கிலத்தில்தான், சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான். ஆர்வமான தன்னார்வலர் ஒருவர் உதவிப் பக்கத்தை முழுக்கத் தமிழாக்கியபோது குறிச்சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மாணவர் அதைப் பார்த்து அப்படியே தமிழில் தட்டச்சு செய்து சேமித்தார். மென்பொருள் தடுக்கவும் இல்லை, ஏனென்றால் அங்கே எந்தக் குறிச்சொல்லையும் யாரும் எழுதலாம், அது சுதந்திரம். வரைபடத்தில்தான் எதுவும் வரவில்லை. அவர் இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, 'அண்ணா, சர்வர் பிரச்சனையா?' என்று கேட்டார். அதிலிருந்து குறிச்சொல் ஒவ்வொன்றும் ஆங்கிலத்திலேயே, தனிப் பெட்டிக்குள், நகலெடுத்து ஒட்டுகிற மாதிரி இருக்கும், விளக்கம் மட்டும் தமிழில்.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி பொத்தான்கள். உலாவியிலேயே வரைய உதவும் 'ஐடி' என்கிற திருத்தியின் தமிழ்ச் சொற்கள் டிரான்சிஃபெக்ஸ் தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. தெருவில் நடந்துகொண்டே கேள்விக்குப் பதில் சொல்லும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலிக்கு வேறு தளம், பிஓஎடிட்டர். உதவிப் பக்கங்கள் விக்கியில். மூன்று இடம், மூன்று கூட்டம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. உதவிப் பக்கம் 'சேமி என்பதைச் சொடுக்குங்கள்' என்று சொல்லும், திரையில் அந்தப் பொத்தானே இருக்காது, வேறு ஏதோ எழுதியிருக்கும். எது நல்ல தமிழ் என்று குழுவில் விடிய விடியச் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறார்கள். நான் வைத்த விதி ஒன்றுதான்: திருத்தியைத் தமிழில் திறந்து வைத்துக்கொள், பொத்தானில் என்ன இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் உதவிப் பக்கத்தில் எழுது, உனக்குப் பிடிக்காவிட்டாலும் எழுது. மாற்ற வேண்டும் என்றால் முதலில் டிரான்சிஃபெக்ஸில் போய் மாற்று, அது திரைக்கு வந்த பிறகு பக்கத்தை மாற்றலாம். இதற்கப்புறம் சண்டை பாதியாகக் குறைந்தது, மீதி டிரான்சிஃபெக்ஸுக்குப் போய்விட்டது.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆங்கிலப் பக்கங்கள் மனிதர் வெட்டிய நீர்வழிகளை மூன்றாகப் பிரிக்கின்றன. கேனால் என்றால் படகுக்கோ பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ வெட்டியது. டிரெய்ன் என்றால் மழைத் தண்ணீரையோ கழிவையோ வெளியே கொண்டுபோவது, பெரும்பாலும் சிமெண்டுக் கரை போட்டது. டிட்ச் என்றால் வயலோரத்திலோ ரோட்டோரத்திலோ ஓடும் சின்ன ஓடை. மன்னார்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் இதைப் பிசிறில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். படித்தால் புரியும். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனோம். பொதுப்பணித் துறையில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குக் கீழே எந்த மதகில் எத்தனை பலகை என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். பேரன் கைப்பேசியில் செயலி எல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தான். நாங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை வரையச் சொன்னோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார். கேனால் தாண்டியது. டிரெய்னில் விரல் நின்றது. மேலே போய் மறுபடி படித்தார்.

"தம்பி, இது மேல ஊர் வயலுக்கு வடிகால். அங்கேருந்து வர்ற தண்ணியத்தான் நம்ம ஊர்ல பாசனத்துக்குத் திருப்புறோம். ஐப்பசி மழையில இதே வாய்க்கா நம்ம வயத் தண்ணிய வாங்கிட்டுக் கீழ போவும். இப்ப இது ரெண்டாவதா மொதல்லதா?"

யாரும் வாய் திறக்கவில்லை. கீழ் டெல்டா முழுக்க இப்படித்தான், ஒரு ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசனம். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து மொழிபெயர்ப்பவருக்கே இது உறைக்காமல் போகலாம், ஆங்கிலப் பக்கத்தை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது, பிழை இல்லை, ஆனால் இதை வைத்துக்கொண்டு அவரால் அவர் வீட்டுக் கொல்லை வாய்க்காலை வரைய முடியவில்லை.

அப்புறம் குழுவில் பெரிய விவாதம். மூலத்தில் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பில் சேர்க்கலாமா? சேர்த்தால் அது மொழிபெயர்ப்பா? கறாரான ஆட்கள் கூடாது என்றார்கள், அவர்கள் சொல்வதிலும் விஷயம் உண்டு, ஆளாளுக்குச் சேர்க்க ஆரம்பித்தால் தமிழ்ப் பக்கம் ஒரு விதி சொல்லும், உலகம் ஒரு விதி சொல்லும். கடைசியில் மூலம் அப்படியே இருக்க, அதன் கீழே 'டெல்டா வாய்க்கால்களுக்கு' என்று தனிப் பெட்டி போட்டோம். அதில் புது விதி எதுவும் இல்லை, இருக்கும் விதியை இங்கே எப்படிப் பொருத்துவது என்று மட்டும் இருக்கும். எதற்காக வெட்டினார்கள் என்று பார். பாசனத்துக்கு என்றால் கேனால், கூடவே பாசனப் பயன்பாடு என்ற குறிச்சொல்லையும் சேர். ஊரார் வடிகால் என்றே பெயர் சொல்லி அழைத்தால், பெயரை அப்படியே 'நேம்' கட்டத்தில் போடு. கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள், அந்த மாதிரி இரண்டு பெயர் இருந்தால் இரண்டாவதை மாற்றுப் பெயர்க் கட்டத்தில் போடு. சாலைகளுக்கு ஏற்கெனவே இப்படி ஒரு வழி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு எந்த வகை, மாநில நெடுஞ்சாலைக்கு எந்த வகை என்று இந்தியாவுக்கென்றே தனிப் பக்கம் உண்டு, நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை.

அதே உட்காரலில் இன்னொன்றும் கிடைத்தது. நீர்வழிக் கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையில் வரைய வேண்டும் என்பது விதி. ஆங்கிலப் பக்கத்தில் அது ஒரு வரி, சுலபமாகக் கண்ணில் படாது. பெரியவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மேக்கேருந்து கெழக்கப் போட்டுட்டா முக்காவாசி சரியாயிடும், மீதிக்கு என்னைக் கேளுங்க." தட்டையான நிலத்தில் படத்தைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கவே முடியாது. அந்த வரியைத் தமிழ்ப் பக்கத்தில் மேலே ஏற்றிவிட்டோம். மேலே ஏற்றியதற்கும் இருவர் கோபித்துக்கொண்டார்கள், அதை விடுங்கள்.

இதிலிருந்து வந்த வழக்கம்தான் எங்கள் சரிபார்ப்பு. மொழிபெயர்த்த பக்கத்தைப் படித்து 'நல்லா இருக்கு' என்று சொல்வதை நாங்கள் சரிபார்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மொழிபெயர்ப்பில் பங்கெடுக்காத ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்து முடிக்க வேண்டும். எங்கே நிற்கிறாரோ அந்த வரியைத் திருத்த வேண்டும். கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் எங்களோடு இருக்கிறார், ஒற்று விட்டால் விட மாட்டார். ஆரம்பத்தில் அவர் திருத்தி அனுப்பிய பக்கத்தைப் பார்த்து ஒரு கல்லூரிப் பையன் குழுவை விட்டே போய்விட்டான், பக்கம் முழுக்கச் சிவப்பு. அப்புறம் பேசி வைத்துக்கொண்டோம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் டீச்சரே நேராகத் திருத்திவிடுவார், திருப்பி அனுப்ப மாட்டார். 'இதைப் படிச்சா எதை அழுத்தணும்னு தெரியல' என்கிற இடங்கள் மட்டும் எழுதியவருக்குத் திரும்பும், அதுவும் எழுத்தில் போகாது, போனில் பேசிவிடுவார். குரலில் கேட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

பட்டியல் தாளில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம், அதுதான் எல்லாவற்றையும்விட வேலை செய்தது. முன்பெல்லாம் பக்கத்தின் பெயர், எடுப்பவர், சரிபார்ப்பவர் என்று வரிசை. எடுப்பவர் கட்டம் நிரம்பி வழியும், சரிபார்ப்பவர் கட்டம் காலியாகவே கிடக்கும், பக்கங்கள் வரைவாக மலைபோல் குவியும். இப்போது சரிபார்ப்பவர் பெயர் முதலில் நிரம்பினால்தான் அந்தப் பக்கத்தை யாரும் எடுக்க முடியும். வேகம் குறைந்துவிட்டது என்று புகார் வந்தது. உண்மைதான், குறைந்துவிட்டது.

இயந்திர மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அதன்மேல் பகை கிடையாது, இப்போதெல்லாம் வரும் தமிழ் நன்றாகவே இருக்கிறது. அதுதான் தொல்லையே. முன்பு கோணல்மாணலாக வரும், பிழை துருத்திக்கொண்டு நிற்கும். இப்போது வழவழவென்று ஓடுகிறது, 'கூடாது' என்பது 'கூடும்' என்று ஆகியிருந்தாலும் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. சரிபார்ப்பவருக்கு வேலை இரண்டு மடங்கு. அதனால், எதை வைத்து வேண்டுமானாலும் மொழிபெயர், ஆனால் ஒப்படைப்பதற்கு முன் நீயே அந்தப் பக்கத்தின்படி ஒரு தடவை வரைந்து, அந்தத் திருத்தத்தின் இணைப்பை அனுப்பு என்று வைத்திருக்கிறோம். ஒட்டிவிட்டு ஓடுகிறவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

சான்றிதழ் தரும் ஒருநாள் மொழிபெயர்ப்புத் திருவிழாக்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கல்லூரி நிர்வாகத்துக்குப் படம் கிடைக்கும், மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், எங்களுக்கு யாரும் தொடாத வரைவுகள் கிடைக்கும். அந்த நாளையே மொழிபெயர்ப்புக்கு என்று வைக்காமல், ஏற்கெனவே இருக்கும் தமிழ்ப் பக்கங்களைக் கொடுத்து, அதன்படி உங்கள் ஊரை வரையுங்கள், எங்கே மாட்டினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றால் மாணவருக்கும் சுவாரசியம், எங்களுக்கும் தங்கம். இதைச் சொன்னால் சில பேராசிரியர்கள் 'அப்ப அவுட்புட் என்னன்னு காட்டுறது?' என்கிறார்கள். காட்டுவதற்கு அந்த ஊர் வாய்க்கால் வரைபடத்தில் இருக்கும், வேறென்ன வேண்டும்.

பராமரிப்புதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியின் சொந்த உதவிப் பக்கங்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், மூலத்தில் ஒரு துண்டு மாறினால் எல்லா மொழியிலும் அந்தத் துண்டு மட்டும் பழையது என்று நிறம் மாறிக் காட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் எங்கள் தமிழ்ப் பக்கங்கள் முன்னால் மொழிக் குறி போட்ட தனிப் பக்கங்கள். ஆங்கிலப் பக்கம் மாறினால் தமிழ்ப் பக்கத்துக்குச் சேதி வராது. அதனால் மொழிபெயர்க்கும்போதே மூலத்தின் எந்தத் திருத்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதைச் சுருக்கக் குறிப்பில் இணைப்போடு எழுதிவிடுகிறோம். விக்கியின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கும் மூலத்தைக் குறிப்பிடுவது தேவை, ஆக ஒரே வேலையில் இரண்டும் முடிகிறது. பிறகு ஆளுக்குச் சில ஆங்கிலப் பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுக்கொள்கிறோம். மாறினால், பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் திருத்தினால் போதும்.

இப்படிக் கவனிக்க ஆள் இல்லாத தமிழ்ப் பக்கங்களை என்ன செய்வது? என் கட்சி, எடுத்துவிடலாம் என்பது. காலாவதியான தமிழ்ப் பக்கத்தைப் படித்து இல்லாத பொத்தானைத் தேடுவதைவிட ஆங்கிலப் பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பது மேல். இதை யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து எழுதியது, அழிப்பதா என்று மனசு கேட்காது. இப்போதைக்கு 'இப்பக்கம் பழையது, நடப்பு விவரம் ஆங்கிலத்தில்' என்று தலையில் ஒரு பட்டை போட்டு வைக்கிறோம். சமரசம்தான், எனக்கு முழுத் திருப்தி இல்லை.

வேலை எப்போது ஓடும், எப்போது படுக்கும் என்பதும் இப்போது பழகிவிட்டது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் கீழே வரத் தொடங்கினால் குறுவைக்காரர்கள் காணாமல் போவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை, கரண்டு இருக்காது, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. தை அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில்தான் ஆட்கள் மறுபடி தலைகாட்டுவார்கள். அதனால் நீளமான பக்கங்களையெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, மழைக்காலத்துக்கு ஒற்றைப் பத்தி வேலைகளை வைத்திருக்கிறோம், கைப்பேசியிலேயே செய்துவிடலாம். வெளியிலிருந்து வந்து 'மூன்று மாதத்தில் முடிக்கலாமே' என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை.

இப்போது மதகுகள் பக்கம் பாதியில் நிற்கிறது. தடுப்பணைக்கு ஒரு குறிச்சொல், ஷட்டர் மதகுக்கு ஒன்று என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பலகை போட்டு அடைக்கும் பழைய மதகு, கரைக்குக் கீழே குழாய் மட்டும் வைத்த மடை இதையெல்லாம் எதில் சேர்ப்பது என்று பெரியவரோடு இன்னொரு தடவை உட்கார வேண்டும். மொழிபெயர்க்க மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். சரிபார்ப்பவர் கட்டம் காலி. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் மதகு பார்த்துப் பழகிய யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.